நறுமணப் பொருள்களை அறிதல்: எல்லைப்புற மலைகளில் ஒரு பயனுள்ள பொழுதுபோக்கு

ஐம்புலன்களுள் கண்ணுக்கும் செவிக்கும் நாம் இளமையிலேயே பயிற்சி அளிக்கிறோம். நிறங்களைப் பெயர் சொல்லி அழைக்கவும், சுருதியை இனங்காணவும் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறோம். மூக்குக்கு மட்டும் பாடமும் இல்லை, பயிற்சியும் இல்லை. 'நல்ல வாசனை', 'கெட்ட நாற்றம்' என்னும் இரு சொற்களோடு பெரும்பாலோருடைய மண அறிவு நின்றுவிடுகிறது. ஆயினும் ஏலக்காயைக் கையில் தேய்த்து முகர்ந்தே விலை சொல்லும் வியாபாரியையும், வாலையிலிருந்து சொட்டும் புல்தைலத்தின் மணம் மாறுவதைக் கொண்டே அடுப்பை அணைக்கும் மலைவாசியையும் நாம் கண்டிருக்கிறோம். இவர்களுடைய திறமை பிறவியில் வந்ததன்று, பழக்கத்தால் வந்தது. அப்பழக்கத்தை எவரும் பெறலாம்.

நறுமணப் பொருள்களைச் சேகரித்து, முகர்ந்து, ஒப்பிட்டு, குறித்து வைப்பதைப் பலர் உலகெங்கும் பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். விலையுயர்ந்த அத்தர்களையும் வாசனைத் திரவியங்களையும் வாங்கிக் குவிப்பதே அது என்று எண்ணுதல் தவறு. அவை எவற்றால் ஆனவை என்பதை அறிவதே அதன் சாரம். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறங்களில் பணிபுரியும் களப் பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு தனி வாய்ப்பு உண்டு. பிற நாட்டினர் சிறு புட்டிகளில் விலை கொடுத்து வாங்கும் மூலப்பொருள்களுட் பல இங்கே வேலியோரத்திலும் தோட்டத்திலும் காட்டிலும் வளர்கின்றன. அவை எவை, அவற்றின் மணம் எங்கிருந்து வருகிறது, மலையை விட்டு இறங்கியபின் அவை என்னவாகின்றன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

குடமலைச் சரக்கு

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு அமைந்த ஓர் இயற்கை வாயில். அதன் தென்புறத்தில் கொல்லங்கோடு, முதலமடை ஊர்களுக்கு மேலே நெல்லியாம்பதி மலையும் பறம்பிக்குளம் காடுகளும் உயர்ந்து நிற்கின்றன. அங்கிருந்து ஆனைமலைத் தொடரைக் கடந்தால் இடுக்கி மாவட்டத்தின் மறையூர், காந்தலூர், வட்டவடை ஆகிய ஊர்களும், மேலும் தெற்கே சென்றால் தேவிகுளம், உடும்பன்சோலை, பீருமேடு வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களும் வருகின்றன. மேற்குச் சரிவில் பெருமழை பெய்கிறது. கிழக்கே மறையூரும் சின்னாறும் மழைமறைவில் அமைந்து வறண்டிருக்கின்றன. சில மணி நேரப் பயணத்திற்குள் இவ்வளவு வேறுபட்ட தட்பவெப்பங்கள் அமைந்திருப்பதே இப்பகுதியில் மணப்பயிர்கள் பலவாறாக விளையக் காரணம்.

இம்மலைகளின் வாசனைச் சரக்கு மிகப் பழமையானது. காவிரிப்பூம்பட்டினத்துக் கடைவீதியில் குவிந்திருந்த பொருள்களைக் கூறும் பட்டினப்பாலை, மேற்கு மலையில் பிறந்த சந்தனத்தையும் அகிலையும் அவற்றுள் சேர்த்துச் சொல்கிறது. வியன்னா நகரில் பாதுகாக்கப்பட்டுவரும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாபிரஸ் தாள் ஒன்று, முசிறியிலிருந்து 'ஹெர்மபோலன்' என்னும் கப்பலில் ஏற்றப்பட்ட சரக்கின் கணக்கைத் தருகிறது. யானைத் தந்தத்துடன் கங்கைப் பகுதியின் சடாமாஞ்சியும் அதில் இடம்பெற்றுள்ளது. இமயச் சாரலில் விளையும் வாசனை வேர் மலையாளக் கரைத் துறைமுகம் வழியாக எகிப்துக்குச் சென்றது என்றால், அக்காலத்திலேயே மணப்பொருள் வாணிகம் எத்துணை விரிந்திருந்தது என்பது விளங்கும்.

புல்லும் வாலையும்

இப்பொழுதுபோக்கைத் தொடங்குவோர் முதலில் அறிய வேண்டியது எலுமிச்சம்புல். மலையாளத்தில் இதனை இஞ்சிப்புல் என்பர். தாவர நூலார் சிம்போபோகன் ஃபிளெக்சுவோசஸ் என்று பெயரிட்டுள்ளனர். மலைச்சரிவுகளில் தானாகவும், பயிரிட்டும் வளரும் இப்புல்லை அறுத்து, சிறிது வாடவிட்டு, வாலையிலிட்டு வடித்தால் மஞ்சள் நிறத் தைலம் கிடைக்கிறது. கொச்சித் துறைமுகம் வழியாக ஏற்றுமதி ஆனமையால் உலகச் சந்தையில் இதற்குக் 'கொச்சித் தைலம்' என்ற பெயர் வழங்கிற்று. நூறு கிலோ புல்லிலிருந்து அரைக் கிலோவுக்கும் குறைவான தைலமே கிடைக்கும்.

வடிக்கும் முறை எளியது. உலோகக் கலத்தில் புல்லையும் நீரையும் இட்டு மூடி, கீழே தீ மூட்டுவர். எழும் ஆவி ஒரு குழாய் வழியே குளிர்ந்த நீரினூடே சென்று மீண்டும் திரவமாகிறது. தைலம் நீரைவிட இலேசானதாகையால் மேலே மிதக்கும், அதனைப் பிரித்தெடுத்துக்கொள்வர்.

ஆசிரியர்கள் மாணவர்முன் வைக்கத்தக்க ஒரு வினா இங்கே எழுகிறது. இத்தைலத்தின் முக்கியப் பகுதி ஸிட்ரால் என்னும் பொருள். அதன் கொதிநிலை ஏறத்தாழ 229 டிகிரி சென்டிகிரேடு. வாலையிலோ நீர் கொதிக்கும் உஷ்ணத்திற்கு மேல் இல்லை. அவ்வாறிருக்க ஸிட்ரால் ஆவியாகி வெளிவருவது எங்ஙனம்? நீரும் தைலமும் ஒன்றோடொன்று கலவாத திரவங்கள். அவை சேர்ந்து சூடேறும்போது ஒவ்வொன்றும் தன் ஆவியழுத்தத்தைத் தனித்தனியே செலுத்துகிறது. இரண்டின் கூட்டுத்தொகை வாயுமண்டல அழுத்தத்தை எட்டிய அக்கணமே கலவை கொதிக்கத் தொடங்கும். ஆகவே கலவையின் கொதிநிலை நீரின் கொதிநிலையையும்விடச் சற்றுக் குறைவாக அமைகிறது. மூணாறு போன்ற, சுமார் 1500 மீட்டர் உயரமுள்ள இடங்களில் நீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதையும் இதனோடு சேர்த்துக் கற்பிக்கலாம். கருகிவிடக்கூடிய மென்மையான மணப்பொருளைக் கருகாமல் வெளிக்கொணரும் இவ்வுபாயத்தைப் பௌதிக நூல் தோன்றுமுன்பே வாலை வைத்தவர்கள் கையாண்டனர்.

தைலத்தில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் ஸிட்ரால் இருப்பதே கொச்சித் தைலத்தின் பெருமை. இதன் பயன் எலுமிச்சை மணத்தோடு முடிவதில்லை. ஜெர்மானிய ரசாயனிகளான டீமானும் குரூகரும் 1893-ஆம் ஆண்டில் ஸிட்ராலிலிருந்து அயனோன் என்னும் பொருளை உண்டாக்கினர். ஸிட்ராலை அசிட்டோனுடன் சேர்த்துக் காரத்தால் இணைத்து, பின்னர் அமிலத்தால் வளையமாக மூடினால் அது கிடைக்கிறது. ஐரோப்பியர் பெரிதும் விரும்பும் வயலட் மலரின் மணத்தை அது தந்தது. 1940-களின் பிற்பகுதியில் அதே அயனோனிலிருந்து வைட்டமின் 'ஏ'யைத் தொழில் முறையில் தயாரிக்கும் வழியும் கண்டறியப்பட்டது. நம் சரிவில் அறுத்த புல், ஒரு சீமாட்டியின் கைக்குட்டை மணமாகவும் ஒரு குழந்தையின் கண்பார்வை மருந்தாகவும் மாறியது இவ்வாறே.

இத்தகைய முக்கியத்துவம் கருதியே பெரும்பாவூருக்கு அருகில் ஓடக்காலியில் 1951-ஆம் ஆண்டில் எலுமிச்சம்புல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இன்று அது கேரள வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் நறுமண, மருந்துத் தாவர ஆராய்ச்சி நிலையமாக இயங்குகிறது. 'சுகந்தி' என்னும் எலுமிச்சம்புல் வகை அங்கு உருவானதே. எனினும் புல்லின் வாழ்வு தாழ்ந்தது. ஒருபுறம் ரப்பர் அதன் நிலத்தைப் பிடித்தது. மறுபுறம் செயற்கை ஸிட்ராலும், சீனத்தில் லிட்சியா என்னும் மரத்தின் காயிலிருந்து வடிக்கப்படும் ஸிட்ரால் மிக்க தைலமும் சந்தையில் போட்டியிட்டன. எங்கோ ஒரு தொழிற்சாலையில் நிகழும் மாறுதல் மலையில் தைலம் வடிப்போர் அடுப்பின் தீயைக் குறைக்கிறது. ஏன் குறைந்தது என்பது அடுப்பருகே இருப்பவருக்கு எட்டுவதில்லை. அக்காரணத்தை எடுத்துரைக்கும் வாய்ப்புப் பெற்றவர்கள் களப் பணியாளர்களே.

சந்தனம்: பொறுமையின் மணம்

கேரளத்தில் சந்தனம் இயற்கையாகச் செறிந்து வளரும் காடு மறையூரில் உள்ளது. மழைமறைவான வறண்ட சரிவு அதற்கு ஏற்றதாக அமைந்துள்ளது. சந்தனம் ஒரு பகுதி ஒட்டுண்ணி. இலையால் தனக்கு வேண்டிய உணவைச் சமைத்துக்கொண்டாலும், வேரால் அண்டை மரங்களின் வேரைப் பற்றி நீரையும் தாதுச் சத்துக்களையும் பெறுகிறது. ஆகவே சந்தனக் கன்றைத் தனியே நட்டால் அது செழிக்காது; துணைச் செடியோடு நடவேண்டும் என்பதை வனத்துறையினர் நன்கறிவர்.

சந்தன மரத்தின் இலையையோ பூவையோ பட்டையையோ கசக்கி முகர்ந்தால் சந்தன மணம் வராது. வெளிப்புற வெண்மரத்திலும் மணமில்லை. நடுவில் வைரம் பாய்ந்த சேகிலும் வேரிலுமே தைலம் உறைகிறது. நல்ல சேகு உண்டாக ஏறத்தாழ 30 ஆண்டுகள் செல்லும். அதன் தைலத்தில் ஆல்பா, பீட்டா என்னும் இருவகை ஸான்டலால்கள் பெரும்பங்கு வகிக்கின்றன. பாலின் கொழுமையைப்போன்ற மென்மணம் இவற்றால் ஏற்படுவது. இவற்றின் மூலக்கூறுகள் கனமானவையாதலால் மெல்லவே ஆவியாகின்றன. தூள் செய்த கட்டையை நீராவியில் வடிக்க இரண்டு மூன்று நாட்கள் பிடிப்பதும், பூசிய சந்தனம் நெடுநேரம் மணப்பதும் இக்காரணம் பற்றியே. தாம் விரைந்து மறையாமலும், உடன் சேர்ந்த இலேசான மணங்களை விரைந்து போகவிடாமலும் காக்கும் இத்தகைய பொருள்களை 'நிலைப்பான்கள்' எனலாம். கன்னோசி நகரத்து அத்தர் தயாரிப்போர் ரோஜா, தாழம்பூ முதலியவற்றின் ஆவியைச் சந்தனத் தைலத்தில் இறக்கி வைத்தது இதனாலேயே.

முதல் உலகப் போருக்கு முன் இந்தியச் சந்தனக் கட்டை பெருமளவில் ஜெர்மனிக்குச் சென்று அங்கே தைலமாயிற்று. போர் அவ்வழியை அடைத்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஸட்பரோ, வாட்ஸன் ஆகிய பேராசிரியர்கள் தைலம் வடிக்கும் முறையை ஆராய்ந்தனர். அதன் பயனாக 1916-இல் மைசூர் அரசின் சந்தனத் தைலத் தொழிற்சாலை எழுந்தது. கட்டையை விற்ற நாடு தைலம் விற்கும் நாடாயிற்று.

இன்று இம்மரம் அழியும் அபாயத்துக்கு உட்பட்ட இனங்களின் உலகப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. திருட்டு ஒரு காரணம்; ஸ்பைக் நோய் மற்றொரு காரணம். இந்நோய் 1899-ஆம் ஆண்டில் குடகுப் பகுதியில் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. இலைகள் சிறுத்து, நெருங்கி, கதிர்போல் விறைத்து நிற்பது அதன் அறிகுறி. பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் இதனை உண்டாக்குகிறது. மறையூர்க் காட்டையும் இந்நோய் விடவில்லை. நோயுற்ற கிளையை முதலில் காண்பவர் பெரும்பாலும் அவ்வழியே நாள்தோறும் நடக்கும் காவலரோ, பள்ளி செல்லும் சிறுவனோதான். அவர்கள் அறிகுறியை அறிந்திருத்தல் ஒரு மரத்தையன்றிப் பல மரங்களைக் காக்கும். இதற்கிடையே மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் நம் சந்தன இனமே நீர்ப்பாய்ச்சிய தோட்டங்களில் வளர்ந்து உலகச் சந்தைக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஏலமும் வெனிலாவும்

ஏலமலைகள் தம் பெயரையே ஒரு மணப்பொருளிலிருந்து பெற்றவை. ஏலக்காயின் மணம் தோலில் இல்லை; விதையில் உள்ளது. அதன் தைலத்தில் இரண்டு பொருள்கள் முக்கியமானவை. ஸினியோல் என்பது கற்பூரம் போன்ற குளிர்ந்த மணத்தைத் தரும். யூகலிப்டஸ் தைலத்திலும் மிகுதியாக உள்ளது அதுவே. டெர்ப்பினைல் அசிட்டேட் என்பது இனிய, பழத்தன்மை வாய்ந்த மணத்தைத் தரும். இவ்விரண்டின் விகிதம் வகைக்கு வகை மாறுபடும். மலபார் வகையையும் மைசூர் வகையையும் அடுத்தடுத்து முகர்ந்தால், மைசூர் வகையில் இனிமை மேலோங்கியிருப்பதைப் பழகிய மூக்கு உணரும். பாம்பாடும்பாறையிலும் மயிலாடும்பாறையிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் இப்பயிருக்கென்றே உழைத்து வருகின்றன. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடைபெறும் ஏலங்களில் காயின் பருமனும் பசுமையும் விலையை நிர்ணயிக்கின்றன. கண் பார்த்து விலை சொல்லும் சந்தையில் மூக்கும் சாட்சி சொல்லக் கற்றால் விவசாயிக்கு நன்மையே விளையும்.

வெனிலா வேறொரு பாடத்தைத் தருகிறது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இந்த ஆர்க்கிட் கொடி பிற நாடுகளில் பூத்தும் காய்க்காதிருந்தது. 1841-ஆம் ஆண்டில் ரெயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்னும் 12 வயதுச் சிறுவன், அடிமையாக இருந்தவன், ஒரு சிறு குச்சியாலும் கட்டைவிரலாலும் பூவை மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய வழியைக் கண்டான். இன்றும் இடுக்கித் தோட்டங்களில் காலை வேளையில் பூவைத் தொடும் கைகள் அச்சிறுவனின் முறையையே பின்பற்றுகின்றன. பறித்த பச்சைக் காய்க்கு மணமே இல்லை. வெந்நீரில் நனைத்து, வியர்க்கவைத்து, பல மாதங்கள் உலர்த்திப் பதப்படுத்தும்போது, சர்க்கரையோடு பிணைந்து மணமற்றிருந்த பொருளை நொதிகள் பிரித்து வெனிலின் ஆக்குகின்றன. மணம் எப்போதும் பொருளில் ஆயத்தமாக இருப்பதன்று. சிலவேளைகளில் உழைப்பால் உண்டாக்கப்படுவது.

வெனிலினை 1874-ஆம் ஆண்டிலேயே டீமானும் ஹார்மானும் பைன் மரச் சாற்றுப் பொருளிலிருந்து செயற்கையாக உண்டாக்கிவிட்டனர். மடகாஸ்கரின் விளைச்சல் குறைந்து விலை விண்ணை எட்டிய 2003-ஆம் ஆண்டளவில் கேரள விவசாயிகள் பலர் வெனிலாவைப் பெருவாரியாக நட்டனர். கொடிகள் காய்க்கத் தொடங்கிய காலத்தில் விலை சரிந்தது. பலர் கொடியைப் பிடுங்கி எறிந்தனர். மணப்பொருள்களின் விலை மலையில் தீர்மானிக்கப்படுவதில்லை. செயற்கைப் பொருளின் விலையும் தொலைநாட்டுப் புயலும் அதனைத் தீர்மானிக்கின்றன. இதனை அறியாது நட்டவர்கள் நஷ்டமடைந்தனர்.

வேர், பிசின், மலர்

வெட்டிவேரை மலையாளத்தில் ராமச்சம் என்பர். அதன் தைலம் கெட்டியானது. மழைபெய்த மண்ணையும் ஈரமான மரத்தையும் நினைவூட்டுவது. சந்தனத்தைப்போல் இதுவும் நிலைப்பானே. கச்சோலக் கிழங்கைக் காய்ச்சி வடித்த தைலத்தைக் குளிரவைத்தால் ஊசிபோன்ற படிகங்கள் தோன்றும். மணம் என்பது கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளே என்று மாணவர் உணர இதனினும் நல்ல காட்சி இல்லை. கருங்குங்கிலியத்தை இம்மலைகளில் தெள்ளி என்றும் குந்திரிக்கம் என்றும் கூறுவர். பறம்பிக்குளம், நெல்லியாம்பதிக் காடுகளில் காடர் முதலிய பழங்குடியினர் அதனைச் சேகரிக்கின்றனர். ஒரே பொருளுக்கு எல்லையின் இருபுறமும் இருவேறு பெயர்கள் வழங்குதலும், ஒரே பெயர் இருவேறு பொருள்களைக் குறித்தலும் இங்கு இயல்பு. ஆதலின் குறிப்பேட்டில் தமிழ்ப் பெயர், மலையாளப் பெயர், தாவர நூற்பெயர் ஆகிய மூன்றையும் எழுதுதல் இன்றியமையாதது.

பாலை மரங்கள் நிறைந்த காடு ஆதலின் பாலக்காடு ஆயிற்று என்று பெயர்க்காரணம் கூறுவோர் உளர். ஏழிலைப்பாலை பூக்கும் காலத்து இரவில் அதன் கனத்த மணம் தெருவெல்லாம் பரவும். மலர் மணங்கள் வாலைக்கு எளிதில் அகப்படா. மல்லிகை பறித்த பின்னும் பல மணி நேரம் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். கொதிநீரில் இட்டாலோ கெட்டுவிடும். ஆகவே முற்காலத்தில் கொழுப்புத் தடவிய கண்ணாடித் தட்டுகளில் பூவைப் பரப்பி மணத்தை ஏற்றினர். இக்காலத்தில் ஹெக்ஸேன் போன்ற கரைப்பான்களால் பிரிக்கின்றனர். ஒரு கிலோ தூய மல்லிகைச் சாரத்திற்குப் பல நூறு கிலோ பூ வேண்டும். அச்சாரத்தில் இண்டோல் என்னும் பொருள் சிறிதளவு உண்டு. தனியே செறிவாக முகர்ந்தால் அது அருவருக்கத்தக்க நாற்றமுடையது. மிகச் சிறு அளவில் மல்லிகைக்கு உயிரூட்டுவது. மணமும் நாற்றமும் பொருளில் மட்டும் இல்லை, அளவிலும் உள்ளன என்பதற்கு இதுவே சான்று.

மூக்கு அறியும் விதம்

மூக்கின் மேற்பகுதியில் சிறு பரப்பில் அமைந்த நரம்பு உயிரணுக்களே மணத்தை உணர்கின்றன. அவற்றிலுள்ள ஏற்பிகளைக் குறிக்கும் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸெல் ஆகிய அமெரிக்க விஞ்ஞானிகள் 1991-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அதற்காக 2004-இல் நோபெல் பரிசு பெற்றனர். மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் செயற்படுகின்றன. ஒரு மணப்பொருள் ஓர் ஏற்பியை மட்டும் தூண்டுவதில்லை. பலவற்றைப் பலவாறு தூண்டுகிறது. 247 எழுத்துக்களைக் கொண்டு எண்ணற்ற சொற்களை ஆக்குவதுபோல, இவ்வேற்பிகளின் சேர்க்கையால் மூளை மிகப் பல மணங்களை வேறுபடுத்துகிறது.

இதன் நுட்பத்திற்கு ஒரு சான்று. புதினாவின் மணத்திற்கும் சதகுப்பையின் மணத்திற்கும் காரணமான முக்கியப் பொருள் கார்வோன் என்னும் ஒன்றே. அணுக்களும் அவை இணைந்த வரிசையும் ஒன்றே. ஆயினும் அவ்விரண்டும் வலக்கையும் இடக்கையும்போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக உள்ளன. மூக்கு இவ்வேறுபாட்டைக் கணப்பொழுதில் அறிகிறது. கடைத்தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் இவ்விரு பொருள்களைக் கொண்டே உயர் வகுப்பு மாணவருக்குக் கரிம ரசாயனத்தின் கடினமான ஒரு பகுதியை விளக்கிவிடலாம்.

பயிலும் முறை

தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பொருள்கள் போதும். ஆரஞ்சுத் தோல், எலுமிச்சம்புல் தைலம், ஏலம், கிராம்பு, மிளகு, சாதிக்காய், சுக்கு, வெட்டிவேர், கச்சோலம், குங்கிலியம், யூகலிப்டஸ் தைலம், ரசீது பெற்று வாங்கிய சிறு சந்தனத் துண்டு ஆகியவை பொருந்தும். உலர் பொருள்களை மூடியுள்ள சிறு கண்ணாடிப் புட்டிகளில் வெயில் படாமல் வைக்கவும். தைலங்களை முகர்வதற்கு வடிதாளை ஒரு சென்டிமீட்டர் அகலமும் ஒரு சாண் நீளமுமான துண்டுகளாக நறுக்கி, நுனியில் ஒரு சொட்டு மட்டும் இடவும். துண்டின் மறுமுனையில் பெயரையும் நேரத்தையும் எழுதவும்.

முதல் நிமிஷத்திலும், ஒரு மணி கழித்தும், ஆறு மணி கழித்தும், மறுநாளும் முகர்ந்து, தோன்றியதைத் தோன்றியவாறே எழுத வேண்டும். ஆரஞ்சுத் தோலின் லிமோனீன் ஏறத்தாழ 176 டிகிரியில் கொதிப்பது. அதன் மணம் துள்ளி எழுந்து விரைவில் மறையும். எலுமிச்சம்புல் சற்று நின்று, வாடிய புல்லின் வாடையாக மாறி ஓயும். சந்தனமோ முதலில் அடக்கமாகத் தோன்றி, மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாறாதிருக்கும். வாசனைத் திரவியம் செய்வோர் முதல் மணம், நடு மணம், அடி மணம் என்று வகுப்பது இவ்வேறுபாடு பற்றியே. 1950-களில் பௌச்சர் என்னும் ஆங்கிலேய நிபுணர் மணப்பொருள்களை அவை நிலைக்கும் கால அளவின்படி 1 முதல் 100 வரை வரிசைப்படுத்தினார். சந்தனம் அதில் 100-ஐப் பெற்றது. இத்தகைய வரிசை ஒன்றை ஒரு வகுப்பு மாணவர்கள் ஒரு வாரத்தில் தாமே தயாரித்துவிடலாம்.

ஒரே அமர்வில் ஐந்தாறு பொருள்களுக்கு மேல் முகர்தல் கூடாது. மூக்கு விரைவில் சோர்ந்து ஒரே மணத்தை உணராது போகும். அப்போது வெளிக்காற்றில் சிறிது உலவி வருக. 'இனிமை' என்று எழுதுவதைவிட 'வெல்லம் காய்ச்சும் கொட்டகை' என்று எழுதுதல் மேலானது. மறையூரில் கரும்புச்சாறு கொதிக்கும் மணத்தை அறிந்தவருக்கு அச்சொல் தெளிவான அளவுகோல் ஆகும். பிறர் நூலில் கண்ட சொற்களைப் பார்க்குமுன் தம் சொற்களை எழுதிவிடுதல் நன்று.

எச்சரிக்கைகள் சில

தூய தைலங்களை நேரடியாகத் தோலில் தடவலாகாது. ஸிட்ரால் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். பிழிந்தெடுத்த எலுமிச்சைத் தோல் தைலம் பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் ஏற்படலாம். ஆஸ்துமா உள்ள மாணவரை முகரச் செய்யலாகாது. ஹெக்ஸேன், ஈத்தர் முதலிய எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களைப் பள்ளியில் இதற்குக் கையாள வேண்டா. செறிந்த சாராயத்தைப் பயன்படுத்துவதற்கு அனுமதி தேவை.

கலப்படத்தை அறிய எளிய சோதனைகள் உண்டு. தூய எலுமிச்சம்புல் தைலம் தாளில் எண்ணெய்க் கறை விடாது ஆவியாகிவிடும். தேங்காயெண்ணெய் போன்றவை கலந்திருந்தால் கறை நிலைத்து நிற்கும். ஆய்வுக்கூட வசதியுள்ள இடங்களில், நூற்றுக்கு 70 பங்கு சாராயம் கலந்த நீரில் இட்டுப் பார்க்கலாம். புதிய கொச்சித் தைலம் அதில் தெளிவாகக் கரையும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கலங்கும். முடிவான தீர்ப்பை வாயுப் பகுப்பாய்வுக் கருவிகளே தரும். லக்னோவிலுள்ள மத்திய மருந்து, நறுமணத் தாவர நிறுவனம், கன்னோசியில் 1991-இல் நிறுவப்பட்ட நறுமண, சுவை வளர்ச்சி நிலையம் போன்றவை இத்துறையில் பணிபுரிகின்றன.

சட்டத்தை மறத்தலாகாது. சின்னாறு, இரவிகுளம், பறம்பிக்குளம் போன்ற பாதுகாக்கப்பட்ட காடுகளில் ஓர் இலையையும் பறிக்கலாகாது. அங்கே முகர்வதும் குறிப்பெடுப்பதுமே நம் உரிமை. வனச் சிறுவிளை பொருள்களைச் சேகரிக்கும் உரிமை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி அங்கு வாழும் மக்களுக்கே உரியது. அவர்களிடமிருந்து உரிய விலை கொடுத்து வாங்குக. கஸ்தூரி மான், புனுகுப் பூனை, அம்பர் தரும் திமிங்கிலம் ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. அவற்றின் மணப்பொருள்களை வாங்குதலும் வைத்திருத்தலும் குற்றம். கஸ்தூரி மணத்தை அறிய விரும்புவோருக்குக் கஸ்தூரி வெண்டையின் விதை உண்டு. அதனைச் சூடுபட நசுக்கி முகர்ந்தால் போதும்.

இப்பொழுதுபோக்கிற்கு மூலதனம் சிறிது. ஒரு குறிப்பேடும் சில புட்டிகளும் பொறுமையுமே தேவை. பயனோ பெரிது. தாவர நூல், ரசாயனம், பௌதிகம், வாணிகம், சட்டம் ஆகியவை தனித்தனிப் பாடங்களாக அல்லாமல் ஒரு புல்லின் நுனியில் ஒன்றுகூடி நிற்பதை மாணவர் காண்பர். தம் தைலம் எங்கே சென்று என்னவாகிறது என்பதை அறிந்த விவசாயி, விலை ஏறும்போது மயங்கவும் இறங்கும்போது திகைக்கவும் மாட்டார். மலைவாழ் முதியோர் பலரிடம் மணங்களைப் பற்றிய நுண்ணிய அறிவும், அவற்றைக் குறிக்கும் தனிச்சொற்களும் எழுதப்படாமல் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு, பெயரும் பருவமும் பயனும் குறித்து வைத்தல் இப்பொழுதுபோக்கை மேற்கொள்வோர் நாட்டுக்குச் செய்யும் தொண்டாகும். அடுத்த வாரம் ஏதேனும் ஒரு பள்ளியில் நான்கு வடிதாள் துண்டுகளோடு இது தொடங்கப்படுமாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.